சுவரைக் கடக்கும் அலைகள்

இரவில் வாசற்கதவைத் தாழிட்டு, கொல்லைக் கதவையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுப்பது நம்மவர் வழக்கம். ஆனால் கூடத்து மூலையில் சிறு விளக்குகள் மினுக்க உட்கார்ந்திருக்கும் ரௌட்டரைப் பற்றி நாம் அவ்வளவு கவலை கொள்வதில்லை. அது எழுப்பும் ரேடியோ அலைகள் வீட்டுக்குள் அடங்கி நிற்பவையல்ல.

பெரும்பாலான வீடுகளில் உலவும் வைஃபை அலைகள் இரண்டு வகை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். செங்கற்சுவரைத் தாண்டியும் ஓரளவு தெம்புடன் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் அதில் பாதி. வேகம் அதிகம், ஆனால் சுவர்களில் சீக்கிரம் சோர்ந்துவிடும். தண்ணீர் இவ்வலைகளை விழுங்கும்; இரும்பு திருப்பியடிக்கும். பீரோவுக்குப் பின்னால் ரௌட்டரை ஒளித்துவிட்டு, சமையலறையில் படம் தெரியவில்லையென்று கம்பெனிக்காரரைக் கோபிப்பதில் நியாயமில்லை. வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வைத்தல் நலம். சமையலறைக்கு எட்டாத அலை, ஜன்னல் வழியே எதிர்வீட்டுத் திண்ணையை எட்டிவிடுவதும் உண்டு.

அங்கேதான் விபரீதம். 2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி ஆமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சற்று முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருந்தது. போலீஸார் அதன் சுவட்டைப் பற்றிச் சென்றபோது, அது நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் கொண்டு போய் விட்டது. அவரோ அதை அனுப்பியவரல்லர். பூட்டாமல் கிடந்த அவருடைய வயர்லெஸ் இணைப்பைப் பிறர் உபயோகித்திருந்தனர். அந்தக் குடும்பம் அன்று பட்டிருக்கக்கூடிய பாட்டை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பூட்டு என்பது சங்கேத முறை. டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய பூட்டின் பலவீனத்தை ஆராய்ச்சியாளர்கள் 2001-லேயே அம்பலப்படுத்திவிட்டார்கள். 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2-ம், 2018-இல் டபிள்யூ.பி.ஏ.3-ம் வந்தன. இவ்விரண்டில் ஒன்றே இருக்கவேண்டும். இரண்டாவது கிடைத்தால் விசேஷம்.

நல்ல பூட்டுக்கும் சோனிச் சாவி கூடாது. டபிள்யூ.பி.ஏ.2 முறையில், நம் கைபேசி ரௌட்டருடன் சேரும் தருணத்தில் இரண்டும் பரிமாறிக்கொள்ளும் செய்திகளை வீதியில் நிற்பவன் பிடித்துக்கொள்ளலாம். பிறகு தன் இருப்பிடத்தில் சாவகாசமாக அமர்ந்து, கடவுச்சொல்லை யந்திரத்தைக் கொண்டு ஊகித்துப் பார்க்கலாம். எட்டு இலக்கங்கள் மட்டுமே என்றால் மொத்தம் 10 கோடி விதங்கள். வேகமான கணினிக்கு அது சில நிமிஷ வேலை! கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பவர்களும் பெரிதாகத் தப்பிவிடவில்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைத்தால் நமக்கு ஞாபகம் இருக்கும், அவனுக்கு ஆயுள் போதாது. இணைப்பின் பெயரை மறைத்து வைப்பதால் பிரயோஜனம் சொற்பமே. தேடுகிறவனுக்கு அது தெரிந்துவிடும்.

ரௌட்டரின் உள்ளமைப்பைத் திறக்கத் தொழிற்சாலையிலிருந்தே வரும் கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும். தீபாவளிக்கு வரும் மருமக்கள் காபிக்கு முன்னால் வைஃபை கேட்பார்கள் அல்லவா? அவர்களுக்கென்று 'விருந்தினர் இணைப்பு' ஒன்றைப் பல ரௌட்டர்களில் தனியே ஏற்படுத்தலாம். ஊருக்குத் திரும்பியதும் அதை அணைத்துவிடலாம்.