ரத்த அழுத்தம்: பத்து மாதக் கணக்கு

மருத்துவமனை வரிசையில் நிற்கும் நான்கு மாதக் கர்ப்பிணிக்குத் திடீரென்று தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது. "உடம்பில ரத்தமே இல்லை" என்கிறார் கூட வந்த மாமியார். இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் சோகை உள்ளவர்கள். ஆனால் சோகை இல்லாத பெண்ணுக்கும் இப்படி நேர்வதுண்டு. இத்தனைக்கும் கர்ப்ப காலத்தில் உடலிலுள்ள ரத்தத்தின் அளவு குறைவதில்லை. 40 சதவிகிதத்துக்கு மேல் கூடுகிறது. மாறுவது, அதன் அழுத்தத்தை ஆளும் ஏற்பாடு.

சாதாரணமாக நாம் எழுந்து நின்றதும் ரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் மூளைக்குச் சேதி சொல்கின்றன. உடனே பரிவு நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பையும் கூட்டுகின்றன. சில நொடிகளில் நிலைமை சீராகிவிடும். கருவுற்ற விலங்குகளில் நடந்த ஆய்வுகள், இந்த ஏற்பாடு மந்தமாவதைக் காட்டின.

விந்தை என்னவென்றால், கர்ப்ப காலத்தில் பரிவு நரம்புகள் ஓய்வெடுப்பதில்லை. முன்பைவிடக் கூடுதலாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஹார்மோன்களால் தளர்ந்துபோன ரத்தக் குழாய்கள் அவற்றின் கட்டளைக்கு முன்போல் பணிவதில்லை. அதனால்தான் கர்ப்பத்தின் நடுவில் ரத்த அழுத்தம் சற்று இறங்கி, பிரசவம் நெருங்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. இது இயல்பு.

குழாய்களின் இந்தப் பணியாமை கெட்டுப்போனால்தான் ஆபத்து. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை முதல் முறை கருவுற்ற பெண்களுக்குச் செலுத்திப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1973இல் வெளியானது. பின்னாளில் ரத்த அழுத்த நோய் வந்த பெண்களிடம், அழுத்தம் ஏறுவதற்குப் பல வாரங்கள் முன்பே அந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கியிருந்தது. 1996இல் ஜெர்மனி டாக்டர்கள் காலிலுள்ள நரம்பில் நுண்ணிய ஊசியைச் செருகிச் சமிக்ஞைகளை அளந்தார்கள். ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த பெண்களிடம் அவை, நலமாக இருந்த கர்ப்பிணிகளைப்போல் சுமார் மூன்று மடங்கு இருந்தன. பிரசவத்துக்குப் பின் தணிந்தன. நோயின் வேர் நச்சுக்கொடியில் இருப்பதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் நரம்புகளுக்கும் இதில் பங்குண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ள பெண் ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முதலாக டாக்டரிடம் வந்தால், அந்த இயல்பான இறக்கம் நோயை மறைத்துவிடும். "120/80, நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த அளவு அட்டையில் இருப்பது மிக முக்கியம். அதற்குப் பின் ஒவ்வொரு முறையும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் அளக்க வேண்டும்.

20 வாரங்களுக்குப் பிறகு அளவு 140/90ஐத் தொட்டால் அலட்சியம் கூடாது. கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிப்பைத் தடுக்க வழி இருக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், மக்னீசியம் சல்ஃபேட் என்ற மலிவான மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு டாக்டர் தொடக்கத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவதுண்டு. தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பிள்ளை பிறந்ததோடு கணக்கு முடிவதில்லை. ரத்த அழுத்தம் அதற்குப் பிறகும் சில நாட்கள் ஏறலாம், வலிப்பும் வரலாம். வீட்டில் எல்லோரும் குழந்தையைச் சூழ்ந்து நிற்கும் அந்த முதல் வாரத்திலும், தாயின் கையில் ஒரு முறை பட்டையைச் சுற்றிப் பார்ப்பது அவசியம்.