நடைபாதைக்கே முதல் ஒதுக்கீடு: சென்னையின் பேருந்துச் சாலைகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

சென்னையில் ஒரு பேருந்துச் சாலையைத் திருத்தி அமைக்கும்போது வண்டிகள் ஓடவும் நிற்கவும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் பெரும்பாலும் நடைபாதையாகிறது. இந்த வரிசை மாற வேண்டும் என்பதே எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நிலைப்பாடு. நடப்பவர்களுக்கு வேண்டிய அகலத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை வண்டிகளுக்குப் பிரிக்கட்டும்.

இது புதிய கோரிக்கை அல்ல. மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையே, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அந்தத் தொகையை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனியாகக் காட்ட வேண்டும்.

அகலம் மட்டும் போதாது. இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டி, தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் கடக்கும் அளவு அது. உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் தெருக்களிலோ மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் பல இடங்களில் நடைபாதை. வடிகால் எவ்வளவு உயர்கிறதோ அதுவும் அவ்வளவு உயர்கிறது. வீட்டுக்கு வீடு கேட் வாசலில் கார் ஏறுவதற்காக அது வெட்டுப்படுகிறது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் குறுக்கே மின்வாரியப் பெட்டி. மூட்டுவலி உள்ள பெரியவர் மூன்றாவது வாசலிலேயே ரோட்டில் இறங்கிவிடுகிறார். அவரைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. நடைபாதை ஒரே மட்டமாகப் போக வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும்.

நடைபாதையைச் சீராக்குவதாகச் சொல்லித் தள்ளுவண்டிகளை அள்ளிக்கொண்டு போவதை நாங்கள் ஏற்கவில்லை. பூக்கார அம்மாவும் இளநீர்க்காரரும் இருக்கும் தெருவில்தான் இருட்டிய பிறகும் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவைக் கலந்தாலோசிக்காமல் எந்தத் தெருவுக்கும் வரைபடம் போடக் கூடாது.

வாசலில் வண்டி நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கடைக்காரர்களின் பயம் எங்களுக்குப் புரிகிறது. அவர்கள் ஒரு மாலை நேரம் பாண்டி பஜாருக்குப் போய்ப் பார்க்கட்டும். 2019 நவம்பரில் திறக்கப்பட்ட அந்த அகலமான நடைபாதையில் குடும்பம் குடும்பமாக மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பெரிய கடைத்தெருக்களோடு இது நின்றுவிடக் கூடாது. வியாசர்பாடியில் பள்ளிக்கு நடந்தே போகும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம்.

சாலையைக் கடக்க நடைமேம்பாலம் கட்டுவதை எதிர்க்கிறோம். சிக்னலும், நடுவில் நின்று போக மேடையும் உள்ள, தரைமட்டக் கடவைகளே வேண்டும்.

ஒப்பந்ததாரரின் இறுதி பில்லைப் பாஸ் செய்யும் முன், சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் அந்த நடைபாதையை முழு நீளத்துக்கும் கடந்து பார்க்க வேண்டும். அவர்கள் தடுக்கி நிற்கும் இடத்தைச் சரிசெய்த பிறகே பணம் தர வேண்டும்.