கண்டதும் எழுதியதும்

கல்லூரிச் சுவர்களுக்கு வெளியே சென்று, செய்தும் கண்டும் கற்றல் வேண்டுமென்பது இந்நாளில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கொள்கையாகும். 1969-ஆம் ஆண்டிற் றொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்திற் சேர்ந்த மாணாக்கர் ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டாற்றல் வேண்டுமென்பது விதி. மணிக்கணக்கு வழுவாது எழுதப்படுகின்றது. அம்மணிகளில் உள்ளத்தே நிகழ்ந்தது யாதென்பதோ எழுதப்படக் காணோம். “பயனுள்ள அனுபவம்”, “மறக்கவொண்ணாத நாள்”, “கிராம மக்களுக்கு விழிப்பூட்டினோம்” என்னுந் தொடர்களே மாறி மாறி வருகின்றன. ஏரிக்கரையில் மரம் நட்டவரும் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தைக் கண்டவரும் ஒன்றையே எழுதுவாராயின், இருவரும் ஒன்றையுங் கண்டிலர் என்றே கொள்ளல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். நம் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்துவந்த இருளர்க்கு, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் அத்தொழில் அற்றுப்போயிற்று. அவரே பின்னர்ச் சங்கத்தின் வாயிலாக நல்ல பாம்பையும் விரியனையும் உயிரோடு பிடித்து, சில வாரம் மட்பானையில் வைத்து, நஞ்செடுத்தபின் காட்டில் விடுவாராயினர். அந்நஞ்சு பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள். இதனைக் கண்டு மீண்ட மாணவரொருவர், “இருளர்தந் துணிவு வியத்தற்குரியது” என்றெழுதி முடிப்பாராயின், அதற்கு வடநெம்மேலி வரை செல்லவேண்டுவதில்லை, வீட்டிலிருந்தே எழுதிவிடலாம். சட்டம் பாம்பைக் காத்தது நன்றே. அதனால் அடுப்பணைந்த வீடுகளை யார் எண்ணினர்? மண்ணிற் பாம்பின் றடத்தைப் படிக்கும் அறிவைக் கல்வி என்று நாம் ஏன் சொல்வதில்லை? அம்மருந்தால் உயிர் பிழைத்தோர் இவர்களை அறிவரா? நான் கொண்டுசென்ற எண்ணங்களுள் எது அங்கே பொய்த்தது? இவற்றுள் ஒன்றேனும் அன்றிரவு உறக்கத்தைக் கெடுக்குமாயின் அதுவே எழுதத்தக்கது.

அன்றிரவே எழுதுக. மறைமலைநகர்க்குப் பெயரளித்த மறைமலையடிகள், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராய் விளங்கியவர். கல்லூரியிற் சேர்ந்த அவ்வாண்டு தொட்டே, அரை நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதிவந்தார். (தனித்தமிழ் கண்ட அப்பெரியார் அதனை ஆங்கிலத்தில் எழுதினாரென்பது தனி வியப்பு.) ஒரு திங்கள் கழித்தெழுதும் குறிப்பில் நினைவு தன்னைத்தானே அழகுபடுத்திக்கொள்ளும். களைப்பும் அருவருப்பும் மறைய, நாம் நல்லவராக மட்டும் எஞ்சுவோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். இனிய குறிப்புக்கே மதிப்பெண் மிகுமென்றறிந்த மாணாக்கர் இனியதையே எழுதுவர். “எனக்கு அங்கே சலிப்பாயிருந்தது, காரணம் யாதென ஆராய்ந்தேன்” என்று தொடங்கும் தாளொன்றுக்கு வருமாண்டில் முதலிடம் அளித்துப் பார்த்தாலென்ன?