மொழியைப் பார்த்துச் சந்தேகிப்பதை நிறுத்தக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருப்பதி
அனுப்புநர்: திருப்பதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சங்கத்தினர்
நகல்: மாவட்ட ஆட்சியர், திருவண்ணாமலை, தேசிய பல்லுயிர் ஆணையம், சென்னை

பொருள்: செம்மர வழக்குகளில் சிக்கும் தமிழ்நாட்டு மலைவாழ் கூலிகள் குறித்து.



செம்மரம் இயற்கையாக வளர்வது சேஷாசலம் முதலான இந்தப் பகுதி மலைகளில்தான். அந்த மரம் காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. காக்கும் பெயரில் யார் சாகிறார்கள் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எல்லோரும் தமிழ்நாட்டினர். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினரும் அவர்களில் இருந்தார்கள். (மலையாளி என்பது இங்கே கேரளத்தவரைக் குறிக்காது, தமிழ் பேசும் மலைச் சாதி.) தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. வழியில் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களே பிணமானார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மேலும் 5 தமிழர்களின் உடல்கள் மிதந்தன.

செம்மரக் கட்டைக்கு விலை வைப்பது மலைக்காரன் அல்ல. சீனத்தில் செல்வர் வீட்டு நாற்காலிக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பு வாத்தியத்துக்கும் அது போகிறது. இடையில் பணம் போடுகிறவர்கள், லாரி வைத்திருப்பவர்கள், துறைமுகம் வரை கொண்டு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் சந்தனம் அருகிப்போய், சாமை விளைச்சல் வயிற்றுக்கே போதாத வீட்டுக்கு, ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணத்தோடு வருகிறார். கோடாலி பழகிய கை என்பதே அந்த மலைக்காரனின் தகுதி. காட்டில் குண்டுக்கு முன்னால் நிற்பவனும் அவனே.

சென்ற ஆண்டு, இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் எங்களைத் தேடி வந்தார். பாலிதீன் உறைக்குள் நாலாக மடித்த காகிதம் ஒன்று வைத்திருந்தார். கணவர் மீதான வழக்கின் காகிதம் அது, முழுக்கத் தெலுங்கு. பேருந்து நிலையத்தில் கடை கடையாக நீட்டிப் பார்த்திருக்கிறார். எங்களில் ஒருவர் படித்துச் சொல்லும்வரை, கணவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இரு மொழியும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. 1960இல் திருத்தணி தமிழகப் பக்கம் போனபோதும் உறவுகள் அறுபடவில்லை. அப்படிப்பட்ட மண்ணில், பேருந்தில் தமிழ் பேசினான், கையில் பையோடு ஏழையாகத் தெரிந்தான் என்பதற்காக ஒருவனை இறக்கி விசாரிப்பது எங்களால் தாங்க முடியாத அவமானம். ஆதாரம் இன்றி அப்படிச் செய்யக் கூடாது என எழுத்துமூலம் ஆணை பிறப்பிக்க வேண்டுகிறோம்.

கைதாகும் ஒவ்வொருவருக்கும் கைதின் காரணத்தைத் தமிழில் சொல்லவும், அன்றே குடும்பத்துக்குத் தகவல் தரவும், குற்றப்பத்திரிகையின் தமிழ்ப் பிரதி வழங்கவும் ஏற்பாடு வேண்டும். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. அதற்குத் தமிழ் தெரிந்த வழக்கறிஞர்கள் தேவை. 2015 சம்பவத்தின் விசாரணை அறிக்கைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிட வேண்டும். வழக்குகள் வெட்டுகிறவனோடு நிற்காமல் பணம் போட்டவன் வரை போக வேண்டும்.

பறிமுதல் செய்த கட்டைகளை அரசு ஏலம் விடுகிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் சொல்லும் பலன் பகிர்வில், சேஷாசலத்தின் அடிவாரத்தில் வாழும் யானாதிப் பழங்குடி மக்களுக்கு உரிய பங்கு சேர்வதைத் தேசிய பல்லுயிர் ஆணையம் உறுதிசெய்ய வேண்டும். அவர்களைக் காவலுக்கு அமர்த்தினால் துப்பாக்கியைவிட நன்றாகக் காடு காக்கப்படும் என்பது எங்கள் உறுதியான கருத்து. திருவண்ணாமலை ஆட்சியர் அவர்கள், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி ஜவ்வாது மலை மக்களுக்கு நிலுவையில் உள்ள பட்டாக்களை வழங்கி, மேஸ்திரியின் முன்பணத்துக்கு அவர்கள் கையேந்தாமல் செய்ய வேண்டும்.

கணவரை இழந்த பெண்களோடு தங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
திருப்பதி