"சீஸ் ஆயிடுச்சு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

"இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்மில் பெரும்பாலோர் "எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "எது எதோடு பிடித்துக்கொண்டிருக்கிறது?" இதற்குப் பதில் கிடைக்கிற வரைக்கும் காசும் கொடுக்காதீர்கள், புது வண்டிக்கான கடன் பத்திரத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். இந்தப் பதிவின் சாரம் அவ்வளவுதான். மீதியெல்லாம் காரணம்.

என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பையன், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். விடியற்காலை நான்கு மணிக்குக் காந்தி மார்க்கெட்டில் காய் எடுத்து, கியர் இல்லாத ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் விற்கிறான். ஒருநாள் தக்காளிப் பெட்டியோடு மார்க்கெட் வாசலிலேயே வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் போட்டால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. கிக்கர் கல்லைப்போல் நின்றது. காட்டிய இடத்தில் மேலே தட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் போச்சு, முக்கால்வாசி வண்டி விலை ஆகும், பேசாம புதுசு எடுத்துருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த இடம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

தவணைக்குப் புது வண்டி எடுக்கப் போகும் வழியில்தான் பாலக்கரையில் என் வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "வண்டியைத் தள்ளிட்டு வா தம்பி, கழட்டாம முடிவு சொல்லக்கூடாது" என்றார்.

வாசலிலேயே பார்த்தோம். முதலில் பிளக்கைக் கழற்றினோம். மழைத் தண்ணீரோ பெட்ரோலோ சிலிண்டருக்குள் தேங்கியிருந்தால் பிஸ்டன் மேலே ஏற முடியாமல் நிற்கும். பிளக் துளை திறந்திருந்தால் அது வெளியே பீய்ச்சிக்கொண்டு வந்துவிடும். ஒன்றும் வரவில்லை, கிக்கரும் அசையவில்லை. அடுத்து, டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலைப் பார்த்தோம். அளவு சரியாக இருந்தது. ஆயில் இருக்கிற இன்ஜின் திடீரென்று பிடிப்பது அரிது. சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. வலப்பக்கம் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, காற்றாடியைக் கையால் திருப்பினோம். அது கிராங்க்கோடு சேர்ந்து சுற்றுவது. பிஸ்டன் உருகி ஒட்டியிருந்தால் அசையவே கூடாது. இது இரண்டு பக்கமும் கொஞ்சம் அசைந்து, ரப்பரில் முட்டியதுபோல் நின்றது.

பின் சக்கரம் தாராளமாக உருண்டது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கியர் இல்லாத வண்டியில் இன்ஜின் ஓடாதபோது கிளட்ச் தானாக விலகியிருக்கும், சக்கரம் எப்போதும் உருளும்.

இடப்பக்கப் பெரிய மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வைத்தோம். மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. பெல்ட் நார் நாராகக் கிழிந்து முன் புல்லிக்கும் மூடிக்கும் நடுவே திணிந்து கிடந்தது. கிக்கரின் பல்லும் அதில் மாட்டியிருந்தது. நாரை எல்லாம் பிடுங்கி எடுத்தபின் காற்றாடி விரலால் தொட்டாலே சுற்றியது. இன்ஜினுக்கு ஒன்றுமே ஆகவில்லை! புது பெல்ட், ஆயிரம் ரூபாய்க்குள். மறுநாள் விடியற்காலை அவன் மார்க்கெட்டில் இருந்தான். இரண்டு வருடத் தவணை மிச்சம்.

நிஜமாகவே பிடித்துக்கொண்ட வண்டியும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியதாக ஆகும்.

என் தங்கை மகன் வீட்டில், ஸ்ரீரங்கத்தில், அவன் அப்பா ஓட்டிய பழைய இரண்டு ஸ்ட்ரோக் கியர் ஸ்கூட்டர் பல வருடமாக மாடிப்படிக்குக் கீழே நின்றது. நியூட்ரலில் உருண்டது. கியர் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டது. ஆக, பிடிப்பு இன்ஜினில்தான். பழைய இரும்புக் கடைக்குப் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் பானையை எடுத்தோம், ஸ்பானரை எடுத்தோம்.

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டர் சுவரில் துரு வளையம் தெரிந்தது. ஆற அமரச் செய்ய வேண்டிய வேலை இது. கிக்கர் மேல் ஏறி நின்று மிதித்தால் கிக்கர் ஷாஃப்ட் உடையும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்தால் அலுமினியம் பிளக்கும். டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து, துணியை நனைத்துப் பிஸ்டன் மேல் வைத்து, காயக் காய ஊற்றி, இரண்டு இரவு ஊறவிட்டோம். மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். பிஸ்டன் முதலில் ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது. பிறகு விரற்கடை. பிறகு முழுச் சுற்று.

சுற்றியதும் ஸ்டார்ட் செய்துவிடலாம் என்று தங்கை மகன் துள்ளினான். கூடாது. துருத்தூளோடு ஓட்டினால் அரை மணியில் மறுபடி பிடிக்கும். சிலிண்டரை உருவி எடுத்து, கிராங்க் கேஸ் வாயில் சுத்தமான துணி அடைத்தோம், சின்ன கிளிப் ஒன்று உள்ளே விழுந்தால் முழு இன்ஜினையும் பிளக்க வேண்டிவரும். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தோம், ஆட்டம் இல்லை. அதுவரைதான் வீட்டு வேலை. சிலிண்டரைப் பாலக்கரை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அவர் அளந்து பார்த்து, "இன்னும் ஒரு சைஸ் பாக்கி இருக்கும்மா" என்றார். போரிங் போட்டு, அடுத்த சைஸ் பிஸ்டன், ரிங்கு, புது கிளிப், கேஸ்கெட். கிராங்க்கின் ஆயில் சீலும் இறுகிப் போயிருந்தது, அதையும் மாற்றினோம். அதன் வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை நீர்த்து, சூடு ஏறி, புதுப் பிஸ்டனும் பிடித்துவிடும்.

ஏன் பிடிக்கிறது என்பதற்கு நாம் வகுப்பில் படித்த பாடமே போதும். வெப்பத்தால் திடப்பொருள் விரிவடையும். ஐந்து மதிப்பெண் கேள்வி. எத்தனை தடவை எழுதியிருப்பீர்கள்! ஒரு மீட்டர் அலுமினியக் கம்பி 100 டிகிரி சூடேறினால் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். அதே நீள வார்ப்பிரும்பு அதில் பாதி அளவுதான் நீளும். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. நடுவில் இருப்பது தலைமுடி கனத்தை ஒட்டிய இடைவெளி, அதில் ஆயில் படலம். ஆயில் குறைந்தாலோ, குளிர்விக்கும் தகடுகளில் சேறு அடைத்தாலோ அந்த இடைவெளி காணாமல் போகும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு இறங்கினால், பெட்ரோல் குறைகிறபோது ஆயிலும் குறைகிறது. "இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம்" என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

புத்தகத்தில் இருந்த அந்த வாக்கியம் தன் வண்டிக்குள்ளேயே ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போகிறது என்றால், அது நம் கல்வியில் உள்ள ஓட்டை. மார்க்கெட்டுக்குக் காந்தி பெயர் வைத்திருக்கிறோம். 1937-ல் வார்தா மாநாட்டில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகவே பாடம் நடக்க வேண்டும் என்றது. அதை ஆசிரியர் பயிற்சியில் பரீட்சைக்குப் படித்தோம். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு கதை உங்களுக்குத் தெரியும். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே வாங்கிப் பிரித்துப் பார்த்தவர். அவரைப் பாராட்டிப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். நம் வீட்டுப் பையன் ஸ்பானரை எடுத்தால் மட்டும் "படிக்கிற வேலையைப் பாரு" என்கிறோம். பெண் பிள்ளை எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

"அப்படியென்றால் மெக்கானிக் பிழைப்பு என்னாகும் டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. லேத் பட்டறைக்காரர் கேட்ட கூலியை நாங்கள் பேரம் பேசாமல் கொடுத்தோம். அவர் அளந்து சொன்ன சொல்லுக்கு அந்த மதிப்பு உண்டு. திறந்து காட்டி, காரணம் சொல்லி, பழைய பாகத்தைக் கையில் கொடுக்கிற மெக்கானிக்குக் கேட்டதைக் கொடுங்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள். திறக்காமலே தீர்ப்புச் சொல்கிறவரிடம்தான் என் சண்டை. நாம் நாலு கேள்வி கேட்கத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்ல மெக்கானிக்குக்குத்தான் லாபம்.

அரசாங்கமும் இதைக் கவனித்திருக்கிறது. ஒன்றிய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது, வாகனங்களும் அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் கேட்கத் தெரியாதவனுக்கு உரிமை இருந்து என்ன பயன்?

எல்லா வண்டியையும் பிழைக்க வைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. கிராங்க் போய், சேஸிஸ் துருப்பிடித்து, உதிரிபாகமும் கிடைக்காத வண்டியை விட்டுவிடுங்கள். 15 வருடம் தாண்டியதை ரோட்டில் ஓட்ட ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், புகைச் சான்றும் வேண்டும், செலவைக் கூட்டிப் பாருங்கள். வாரண்டியில் உள்ள வண்டியை வீட்டில் திறக்காதீர்கள். பெட்ரோல் டேங்கை மூடி, வெளிக்காற்றில், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாமல் வேலை செய்யுங்கள். மழைத் தண்ணீரில் மூழ்கிய வண்டியில் செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். முதலில் பிளக், பிறகு ஆயில். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் இருந்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று ஆசிரியர் அறையில் ஒரு தீர்ப்பு அடிக்கடி காதில் விழும். கண் தெரியாமல் போர்டைப் பார்க்க முடியாத பிள்ளை, காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளை, அம்மாவோடு மார்க்கெட்டில் கீரை கட்டிவிட்டு வந்து தூங்கி விழுகிற பிள்ளை, எல்லாருக்கும் அதே ஒரு தீர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. மூடியைத் திறந்து பார்க்கப் பொறுமை வேண்டும். உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இந்தப் பத்தி.

மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, ஆயில் அளவு இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். திருகிப் பார்ப்பதா, திருகாமல் பார்ப்பதா என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், மகள் இருந்தால் அவளையே செய்யச் சொல்லுங்கள். அளவு எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். வருகைப்பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்