க்யூவில் நின்ற மேதை

மேதைகளைப் பற்றி நமக்கு ஒரு சௌகரியமான நம்பிக்கை உண்டு. அவர்கள் பிறக்கும்போதே எல்லாம் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தொட்டிலில் படுத்தபடியே ராஜாவுக்கு 'செக்' சொல்கிறார்கள். நாம் அப்படிப் பிறக்கவில்லை. ஆகவே நம் மேல் தப்பில்லை. இந்த சித்தாந்தத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆயுசையே நிம்மதியாக ஓட்டிவிடலாம்.

விஸ்வநாதன் ஆனந்தின் சின்ன வயசைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் இந்த நிம்மதி கெட்டுப்போகும்.

ஆனந்த் பிறந்தது 1969 டிசம்பர் 11. அப்பா ரயில்வேயில் பெரிய அதிகாரி. வீட்டுக்குக் கடைக்குட்டி. அண்ணாவும் அக்காவும் பத்து வயசுக்கு மேல் மூத்தவர்கள். ஆறு வயசில் செஸ் சொல்லிக்கொடுத்தது அம்மா சுசீலா. இது வரைக்கும் விசேஷம் ஒன்றுமில்லை. பெரிய லீவில் மழை வந்தால் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான்.

விசேஷம் மணிலாவில் ஆரம்பிக்கிறது. எழுபதுகளின் கடைசியில் ரயில்வே வேலையாக அப்பாவை பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டில் அப்போது செஸ் ஜுரம். ஆசியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் யூஜீனியோ டோரே அந்த ஊர்க்காரர். 1974-லேயே பட்டம் வாங்கியவர். 1978-ல் கார்ப்போவும் கோர்ச்னாயும் உலகப் பட்டத்துக்கு மோதிக்கொண்டது அங்கே பாகியோ நகரத்தில். டிவியில் செஸ்ஸுக்கென்றே ஒரு நிகழ்ச்சி. அதில் ஒரு புதிர் போடுவார்கள். சரியான விடைக்குப் புஸ்தகம் பரிசு.

ஒரே ஒரு சிக்கல். நிகழ்ச்சி மத்தியானம். பையன் ஸ்கூலில்.

வீடியோ ரெக்கார்டர் எல்லாம் வீட்டுக்கு வீடு வராத காலம். அம்மாதான் ரெக்கார்டர். நிகழ்ச்சியை முழுக்கப் பார்த்து, ஆட்டங்களையும் புதிரையும் காய் காயாக எழுதி வைப்பார். சாயங்காலம் பையன் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். விடை தபாலில் போகும். பரிசு வரும். மறுபடி போகும், மறுபடி வரும். கடைசியில் நிகழ்ச்சிக்காரர்கள் பையனைக் கூப்பிட்டு, வேண்டுகிற புஸ்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் தயவுசெய்து விடை மட்டும் அனுப்பாதே என்று கேட்டுக்கொண்டார்களாம். இதை ஆனந்தே பல தடவை சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாம் பையனைப் பார்த்து 'அடேயப்பா' என்கிறார்கள். எனக்கு அந்த மத்தியானம்தான் கண்ணில் நிற்கிறது. சமையல் முடித்து, கொஞ்சம் கண்ணயர வேண்டிய நேரத்தில் ஒரு அம்மா பென்சிலோடு டிவி முன்னால் உட்கார்கிறார். 'நாம் ஒரு உலக சாம்பியனை உருவாக்குகிறோம்' என்று அவருக்கு யாரும் தந்தி கொடுக்கவில்லை. பையனுக்குப் பிடித்திருக்கிறது, எழுதி வைப்போம். அவ்வளவுதான்.

மெட்ராஸில் இன்னொரு வாத்தியார் இருந்தார். அவர் பெயர் க்யூ.

சோவியத் கலாசார மையத்தில் மிகைல் டால் பெயரில் ஒரு செஸ் கிளப். நடத்தியவர் மானுவல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர், ஒன்பது தடவை தேசிய சாம்பியன். அங்கே சாயங்கால வேளைகளில் பிளிட்ஸ் ஆட்டம், அதாவது ஆளுக்கு ஐந்து நிமிஷக் கணக்கு, அமர்க்களப்படும். ஆட்கள் நிறைய, கடிகாரமும் போர்டும் கொஞ்சம். விதி சுலபம்: ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கலாம். தோற்றவர் எழுந்து க்யூவின் வாலுக்குப் போகவேண்டும். போனால் மறுபடி முறை வர எத்தனை நேரம் ஆகுமோ!

ரேஷன் கடையிலும் ரிசர்வேஷன் கவுன்ட்டரிலும் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். யோசித்துக்கொண்டிருந்தால் கடிகாரம் கொல்லும். தோற்றால் க்யூ கொல்லும். பையன் சட்டென்று பார்த்து, சட்டென்று நகர்த்தக் கற்றுக்கொண்டான். பின்னால் உலகம் 'மின்னல் பையன்' என்று பெயர் வைத்ததே, அந்த மின்னலில் பாதி வானத்திலிருந்து வந்திருக்கலாம். மீதிப் பாதி நாற்காலி பற்றாக்குறையில் பிறந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் எக்ஸ்பிரஸ் வேகம். 1983-ல் தேசிய சப்-ஜூனியர்: ஒன்பது ஆட்டம், ஒன்பது புள்ளி. 1984-ல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1986-ல் பதினாறு வயசில் தேசிய சாம்பியன். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். எங்கே தெரியுமோ? அதே பாகியோவில். 1988-ல் கோயம்புத்தூர் போட்டியில் ஆடி, இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர். 1990-ல் உலகப் பட்டத்துக்கான கேண்டிடேட்ஸ் சுற்றுக்குத் தேறியது எங்கே? மணிலாவில். அம்மா பென்சிலோடு உட்கார்ந்த அதே ஊர்.

ஆனால் க்யூ சொல்லிக்கொடுத்த பாடத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. பெரிய போட்டிகளில் ஐந்து நிமிஷம் இல்லை, மணிக்கணக்கில் நேரம் உண்டு. எதிராளி கன்னத்தில் கை வைத்து முக்கால் மணி நேரம் யோசிப்பார். நம்ம ஆள் பட்டென்று நகர்த்திவிட்டு, எழுந்து பக்கத்து போர்டை வேடிக்கை பார்க்கப் போய்விடுவார். எதிராளிக்கு உதறல் எடுக்கும். நிஜம்தான். கூடவே, நிதானித்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய காய்களும் தப்பிப்போகும். 1991-ல் பிரஸ்ஸல்ஸில் கார்ப்போவோடு எட்டு ஆட்டம். ஒரே புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. அந்த வருஷக் கடைசியில் இத்தாலியில் ரெஜியோ எமீலியா போட்டியில் காஸ்பரோவ், கார்ப்போவ் இருவரையும் பின்னுக்குத் தள்ளி முதல் இடம். மின்னல் எரிக்கவும் செய்யும், எப்போதாவது கையைச் சுடவும் செய்யும். வேகமாகப் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டே கையை மட்டும் அடக்கி வைக்க அவர் கற்றுக்கொள்ள வருஷங்கள் பிடித்தன. முதல் உலகப் பட்டம் கைக்கு வந்தது 2000-ல், டெஹ்ரானில். அப்போது வயசு 31.

நடுவில் ஒன்று சொல்ல மறந்துவிடக் கூடாது. இத்தனை விளையாட்டுக்கு நடுவே அவர் லயோலா காலேஜில் பி.காம். முடித்தார். பி.காம். படித்த ஜாதி என்ற முறையில் எனக்கு இதில் தனி சந்தோஷம். உலக ஜூனியர் சாம்பியனே ஆனாலும் நம் ஊரில் 'கையில் ஒரு டிகிரி இருக்கட்டும்ப்பா' என்பது மாறாத சட்டம்.

ரயில் கதை ஒன்றும் ஆனந்த் சொல்வதுண்டு. எதிர் சீட்டுப் பெரியவர் 'என்ன பண்றேப்பா?' என்று விசாரித்திருக்கிறார். செஸ் ஆடறேன் என்றதும் பெரியவருக்குக் கவலை. விளையாட்டை நம்பி வயிற்றைக் கழுவ முடியாது, நீ என்ன விஸ்வநாதன் ஆனந்தா என்று புத்தி சொன்னாராம். பெரியவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் கணக்கு சரியான கணக்கு. அன்றைக்கு இந்த தேசத்தில் செஸ் ஆடிப் பிழைக்க முடியும் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, துரதிர்ஷ்டவசமாக எதிரே உட்கார்ந்திருந்தது.

இப்போது ஒரு சின்ன கணக்கு. ஆனந்த் கிராண்ட் மாஸ்டர் ஆனபோது வயசு 18. சென்னைப் பையன் குகேஷ் கிராண்ட் மாஸ்டர் ஆனது 2019-ல், பன்னிரண்டு வயசு ஏழு மாசத்தில். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்து உலக சாம்பியன் ஆனபோது அவர் வயசும் அதே 18.

அப்படியானால் குகேஷ் மூளை பெரிசா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனந்துக்கு முன்னால் இந்தியாவில் கிராண்ட் மாஸ்டர் பூஜ்யம். வழி கேட்க ஆள் இல்லை. இன்றைக்கு எண்பதுக்கு மேல். குகேஷுக்கு வழி சொன்னவர்களில் ஒருவர் ஆனந்தே. க்யூ நகர்ந்திருக்கிறது, சார்.

நகராதது ஒன்றுதான். குகேஷின் அப்பா ரஜினிகாந்த் (இவர் காது மூக்கு தொண்டை டாக்டர்) பிராக்டிஸை ஒதுக்கிவைத்துவிட்டுப் பையனோடு ஊர் ஊராக அலைந்தார். மைக்ரோபயாலஜிஸ்ட்டான அம்மா பத்மா சம்பளத்தில் குடும்பம் ஓடியது. அங்கே பென்சில், இங்கே சம்பளச் சீட்டு. எல்லா வீட்டுப் பென்சிலும் சாம்பியனில் போய் முடியாது. க்யூவில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனவர்களே அதிகம். அவர்களுக்கும் யாரோ ஒரு அம்மா மத்தியானத் தூக்கத்தை விட்டிருப்பார்.

அந்த மத்தியானங்கள் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

பி.கு.: ரயிலில் அறிவுரை சொல்கிற வழக்கம் உள்ளவர்கள், முதலில் எதிர் சீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வது உத்தமம்.