காப்பாரைக் காப்பார் யார்?

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். முதுமையையே பெயராகக் கொண்ட ஊர். பசித்திருந்த குரு நமசிவாயர் இவ்வூர் அம்மையைக் கிழத்தி என விளித்துப் பாட, கிழவியால் எங்ஙனம் சோறு கொணர இயலும் என்று அவள் முதியவளாய் வந்து வினவினாள் என்பதும், இளமைக்கோலம் அமையப் பாடியபின் இளம்பெண்ணாய் வந்து சோறிட்டாள் என்பதும் தலவரலாறு. அம்மைக்கு வாய்த்த அம்மாற்றம் நம் வீட்டு முதியோருக்கு வாய்ப்பதில்லை. அவர்களுக்குச் சோறிட வேறோர் இளையவர் வேண்டும். அவ்விளையவரின் உள்ளநலம் பற்றி நாம் பேசுவதே இல்லை.

மறதிநோய் என்னும் பெயரே சற்று ஏமாற்றுவது. 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் மருத்துவர் அவையில் எடுத்துரைத்த நோயாளி ஒரு பெண். கணவர்மீது அவர் கொண்ட காரணமற்ற ஐயமே அந்நோயின் முதல் அறிகுறியாக வெளிப்பட்டது. நினைவு மட்டுமன்று, நம்பிக்கையும் உறக்கமும் குணமும் சிதைகின்றன. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. இவர்களில் மிகப் பெரும்பாலோரின் மருத்துவமனை வீடே. உலக அளவில் இந்நோயாளரைப் பேணும் நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே தருகின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

இவ்வூரின் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நவராத்திரி நெருங்குகிறது. கொலுப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் மருமகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி. மாமியாரோ தம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்துகொண்டு, "என்னை என் வீட்டுக்கு அனுப்பு" என்று மன்றாடுகிறார். உண்ட சிறிது நேரத்தில், தமக்குச் சோறே இடவில்லை என்று அண்டை வீட்டாரிடம் அழுகிறார். நள்ளிரவில் தாழ்ப்பாளை அசைக்கிறார். மூன்றாம் நாள் இரவில் மருமகள் பொறுமையிழந்து கத்திவிடுகிறாள். பின் அடுப்படியில் தனியே அமர்ந்து அழுகிறாள். முடிவுறாத பொம்மைகளின் கூலியும் போயிற்று. இத்தனைக்கும் பிறகு ஊர் அவளைப் பொறுமையின் வடிவம் என்று போற்றுகிறது! அப்புகழ்ச்சியே அவள் வாயை அடைத்துவிடுகிறது என்பது என் கருத்து. தெய்வமாக்கப்பட்டவள், "எனக்கு முடியவில்லை" என்று எவரிடம் சொல்வாள்?

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அது வேண்டியதே. ஆயினும், கடமையாற்றுவோரின் உறக்கத்தைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர், நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்திற்கும் உரிய மருந்துடன் வாசலுக்கே வருகின்றனர். முதியவரை நலம் வினவும் அவர், அருகில் நிற்கும் பெண்ணையும் நோக்கி, "நேற்று உறங்கினீர்களா?" என்று கேட்கலாமே! மனச்சோர்வைக் கண்டறிய அதுவே நல்ல தொடக்கம். 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் உளநல ஆலோசனை இரவும் பகலும் கிடைக்கிறது என்பதையும் அவ்விடத்திலேயே தெரிவிக்கலாம். முதியோரைப் பகற்பொழுதில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று ஒவ்வொரு வட்டத்திலும் அமைதல் வேண்டும்.

பிறர் கையில் ஒப்படைப்பது பாவம் என்பர் சிலர். ஒரே கையில் அனைத்தையும் ஒப்படைத்திருப்பது மட்டும் எவ்வாறு அறமாயிற்று? வெளியூரில் வாழும் மகன் மாதந்தோறும் பணம் அனுப்புவதுடன் தம் பங்கு தீர்ந்ததெனக் கருதுகிறார். மாதத்தில் ஒரு ஞாயிறேனும் அவர் வந்து, தாயைக் குளிப்பாட்டி, ஒரே வினாவுக்கு நூறு முறை விடை சொல்லட்டும். அன்று அவள் மணிமுத்தாற்றங்கரைக் கோவிலுக்குச் செல்லலாம். கூலிக்கன்றித் தன் விருப்பத்திற்கு ஒரு பொம்மைக்கு வண்ணம் தீட்டலாம். அல்லது கதவைச் சாத்திக்கொண்டு உறங்கலாம்.